போரில் மாமரத்தை வெட்டலாமா? ஷரீஅத்தும் ஜெனீவாவும்

#1 காவேரிப்பட்டணம்_மாந்தோப்பு

வணக்கம். வழக்கமாக இங்கே மாங்காய் விலை, கூழ் ஆலைக்காரர்கள் பிடிக்கிற கழிவு என்றுதான் புலம்புவேன். இன்றைக்கு வேறு விஷயம். போன மாதம் பங்காளித் தகராறில் எங்கள் பெரியப்பா தோப்பில் 18 மரங்களை ராத்திரியோடு ராத்திரியாக ரம்பம் வைத்து அறுத்துப் போட்டுவிட்டார்கள். அத்தனையும் பெங்களூரா, 30 வருட மரம், காய் எலுமிச்சை அளவுக்கு வந்திருந்தது. விடிந்து போய்ப் பார்த்தால் அடிமரத்தில் பால் வடிந்து கறுத்துக் கிடக்கிறது, எறும்பு மொய்க்கிறது, தோப்பு முழுக்க மாம்பால் வாசனை. பெரியப்பா ஒரு கட்டையின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

எங்கள் தோப்பைக் குத்தகைக்கு எடுக்கிற பாய் வந்து பார்த்தார். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "யுத்தத்துக்குப் போற படைக்கே காய்க்கிற மரத்தை வெட்டாதேன்னு கலீஃபா சொல்லி அனுப்பினாரு தம்பி. இது வரப்புத் தகராறு" என்றார்.

அதிலிருந்து மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. இது நிஜமா, ஆறுதலுக்குச் சொன்னாரா? போனைத் திறந்தால் காசா, சூடான். ஒரு பக்கம் ஜெனீவா உடன்படிக்கை என்கிறார்கள், இன்னொரு பக்கம் ஷரீஅத் என்கிறார்கள். இரண்டிலும் ஒரே சமாசாரம்தான் இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், வாட்ஸப் ஃபார்வர்டு வேண்டாம்.

#2 பழையபேட்டை_நூர்

பாய் சொன்னது நிஜம்தான் அண்ணா. முதல் கலீஃபா அபூபக்ர் (ரலி) ஷாம் தேசத்துக்கு (இன்றைய சிரியா பக்கம்) படை அனுப்பும்போது தளபதி யஸீத் பின் அபீ சுஃப்யானிடம் 10 கட்டளைகள் சொல்லி அனுப்பினார், இமாம் மாலிக்கின் முவத்தா என்ற ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. பெண்ணை, குழந்தையை, தள்ளாத கிழவரைக் கொல்லாதே. காய்க்கிற மரத்தை வெட்டாதே. ஜனங்கள் குடியிருக்கிற இடத்தைப் பாழாக்காதே. சாப்பாட்டுக்குத் தவிர ஆட்டையோ ஒட்டகத்தையோ அறுக்காதே. அதே பேச்சில், இறைவனுக்கென்று ஒதுங்கி வாழ்கிற துறவிகளை அவர்கள் பாட்டுக்கு விட்டுவிடச் சொல்கிறார். தேனீக்களை எரிக்காதே என்றும் ஒன்று வருகிறது, சில அறிவிப்புகளில் அது தேனீ இல்லை, பேரீச்ச மரம். அரபியில் நஹ்ல், நக்ல் இரண்டுக்கும் ஒரு புள்ளிதான் வித்தியாசம். மதரஸாவில் இந்த மாதிரிப் புள்ளிகளுக்காகவே அடி வாங்கியிருக்கிறேன்.

(இந்த யஸீத் வேறு, கர்பலா யஸீத் வேறு. இவர் அவனுக்குப் பெரியப்பா முறை.)

அதற்கும் முன்னால் நபி (ஸல்) காலத்திலேயே உண்டு. ஒரு போர்க்களத்தில் ஒரு பெண் கொல்லப்பட்டுக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, "இவள் சண்டை போடுகிறவள் இல்லையே" என்று சொல்லி, முன்னணியில் போய்க்கொண்டிருந்த தளபதி காலிதுக்கு ஆள் அனுப்புகிறார்: பெண்ணையும் கூலியாளையும் கொல்லாதே. கூலியாள் என்ற அந்த வார்த்தையை எத்தனை பேர் கவனித்திருப்பார்கள் என்று தெரியவில்லை. படைக்கு மூட்டை தூக்க வந்தவன், அவ்வளவுதான்.

கைதிகள் விஷயத்தில், ஏழைக்கும் அனாதைக்கும் கைதிக்கும் சோறு போடுவதை ஒரே வரியில் வைத்துப் பேசுகிறது குர்ஆன் (76:8). பத்ருப் போரில் பிடிபட்டவர்களில் பணம் கட்ட வழியில்லாத, எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் ஆளுக்கு 10 பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்துவிட்டு விடுதலையாகிப் போகலாம் என்று விட்டார்கள்.

#3 தகடூரான்

இதெல்லாம் நம்மிடம் அதற்கு முன்பே இருந்தது தோழர். புறநானூறு 9 பாருங்கள். பசுக்கள், பார்ப்பனர், பெண்கள், நோயாளிகள், பிள்ளை பெறாதவர்கள் எல்லாரும் பாதுகாப்பான இடத்துக்குப் போய்விடுங்கள், அம்பு விடப்போகிறோம் என்று முன்கூட்டியே அறிவிக்கிறான் பாண்டியன் முதுகுடுமிப் பெருவழுதி. தாக்குவதற்கு முன் எச்சரிக்கை! ஜெனீவாவுக்கே பாட்டன் நம் ஆள்.

#4 பாலக்கோடு_டீச்சர்

தம்பி, அதே புறநானூற்றில் 15-ஆம் பாட்டையும் படித்துவிட்டு வாருங்கள். அதே புலவர் நெட்டிமையார், அதே முதுகுடுமி. பகைவர் ஊரைப் பிடித்து, தேரோடிய தெருக்களில் கழுதையைப் பூட்டி உழுது பாழாக்கினான் என்று அதையும் புகழ்ச்சியாகத்தான் பாடியிருக்கிறார். அப்புறம் காவல்மரம்? எதிரியின் காவல்மரத்தை வெட்டிச் சாய்ப்பதுதான் அன்றைக்கு வெற்றிக்கே அடையாளம். உங்கள் பெயரில் இருக்கிற தகடூர்க் கோட்டை சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறையிடம் என்ன பாடு பட்டது என்பதை நான் சொல்லத் தேவையில்லை. வகுப்பில் 9-ஐ மட்டும் நடத்திவிட்டு 15-ஐத் தாண்டிப் போகிற பழக்கம் எனக்கும் இருந்தது, அதனால்தான் சொல்கிறேன்.

#5 தகடூரான்

காலையிலேயே மானத்தை வாங்கிவிட்டீர்கள் டீச்சர்.

#6 ஊத்தங்கரை_வக்கீல்

ஜெனீவா பக்கம் நான் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

1859-இல் இத்தாலியில் சோல்ஃபெரினோ என்ற ஊரில் பெரிய சண்டை. வியாபார வேலையாகப் போன ஹென்றி டுனான் என்ற சுவிஸ்காரர், காயம்பட்ட ஆயிரக்கணக்கானவர்கள் தண்ணீர் கொடுக்கக்கூட ஆளில்லாமல் கிடப்பதைப் பார்த்துவிட்டு அந்த ஊர்ப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு எந்த நாட்டுக்காரன் என்று பார்க்காமல் கட்டுப்போட்டார். அதிலிருந்து கிளம்பியதுதான் 1863-இல் செஞ்சிலுவைச் சங்கம், 1864-இல் முதல் ஜெனீவா உடன்படிக்கை. மறு வருடமே துருக்கி சுல்தானின் அரசு அதில் சேர்ந்துவிட்டது. 1870-களில் ரஷ்யாவோடு நடந்த போரில் எங்கள் சிப்பாய்களுக்குச் சிலுவை ஒத்துவராது என்று பிறையைப் போட்டுக்கொண்டார்கள், செம்பிறை அப்படி வந்ததுதான். ஆகவே ஜெனீவா வெள்ளைக்காரன் சமாசாரம், ஷரீஅத் அரபுக்காரன் சமாசாரம் என்று இரண்டு பெட்டியாகப் பிரித்து வைத்தால் கணக்கு உதைக்கும்.

இன்று நாம் பேசுவது 1949 ஆகஸ்ட் 12-இல் வந்த நான்கு உடன்படிக்கைகளை. காயம்பட்டவர், கடலில் தவிப்பவர், போர்க்கைதி, பொதுமக்கள். உலகத்தில் கையெழுத்துப் போடாத நாடு இல்லை என்றே சொல்லலாம். இந்தியா 1950-இல் ஏற்றது, 1960-இல் தனிச் சட்டமே போட்டது. 1977-இல் வந்த கூடுதல் நெறிமுறைகள்தான் பொதுமக்களுக்கு நிஜமான பாதுகாப்பு: போராளியையும் பொதுமக்களையும் பிரித்துப் பார், கிடைக்கிற ராணுவ ஆதாயத்துக்கு மிஞ்சிப் பொதுமக்கள் சாவார்கள் என்றால் அடிக்காதே, முடிந்தால் முன்னெச்சரிக்கை கொடு, பட்டினி போடுவதை ஆயுதமாக்காதே, பயிரையும் கால்நடையையும் குடிதண்ணீரையும் அழிக்காதே. இதில்தான் இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, ஈரான், இஸ்ரேல், அமெரிக்கா எதுவும் சேரவில்லை. வேறு எதிலும் ஒத்துப்போகாதவர்கள் எப்படி ஒரே வரிசையில் நிற்கிறார்கள் பாருங்கள்.

மாந்தோப்பு அண்ணனின் கேள்விக்கு வருகிறேன். 1907 ஹேக் விதியிலேயே எதிரியின் சொத்தை அழிக்கக் கூடாது என்று இருக்கிறது. கூடவே ஒரு வால்: "போரின் தேவை கட்டாயப்படுத்தினால் ஒழிய." 1949-இலும் அதே வால் உண்டு. தேவை என்று யார் முடிவு செய்வது? முதலில், கையில் ரம்பம் வைத்திருப்பவன்.

இன்னொன்று. யார் முதலில் ஆரம்பித்தது, யார் பக்கம் நியாயம் என்ற கேள்விக்கு இந்தச் சட்டத்தில் இடமே கிடையாது. நியாயமான போர் நடத்துகிறவனுக்கும் அநியாயமாகப் படையெடுத்து வந்தவனுக்கும் விதி ஒன்றுதான். அவன் செய்தான், நானும் செய்தேன் என்று பொதுமக்கள்மேல் கை வைக்க முடியாது. பங்காளிச் சண்டையில் வளர்ந்த நமக்கு ஜீரணமாகக் கஷ்டமான இடம் இதுதான்.

#7 ஓசூர்_பி_ஷிஃப்ட்

நைட் ட்யூட்டி முடித்துவிட்டு வந்து படித்தேன். நூர் பாய், கோபித்துக்கொள்ளாதீர்கள், பாதியைத்தான் சொல்லியிருக்கிறீர்கள். மதீனாவில் பனூ நளீர் என்ற யூதக் கோத்திரத்தை நபி முற்றுகையிட்டபோது அவர்களுடைய பேரீச்ச மரங்களை வெட்டினார்களே? பனூ குறைழா ஆண்கள்? கைதிகளை அடிமையாக்கியது? இதையெல்லாம் விட்டுவிட்டு மரம், தேனீ என்று கவிதை வாசித்தால் எப்படி? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு ஆகாது. ஜெனீவாவுக்கும் இதே கேள்விதான் வக்கீல் சார். காலனி நாடுகளில் இவர்கள் அடித்த கூத்து நமக்குத் தெரியாதா.

#8 பழையபேட்டை_நூர்

கோபம் எதற்கு, கேட்க வேண்டிய கேள்விதான். ஜும்மா முடிந்து வந்து நிதானமாக எழுதுகிறேன் என்று நினைத்தேன், இப்போதே எழுதிவிடுகிறேன்.

மரம்: வெட்டியது உண்மை, அதைப் பற்றிக் குர்ஆனில் வசனமே இருக்கிறது (59:5). அதனால்தான் சட்ட அறிஞர்களுக்குள்ளேயே சண்டை. ஷாம் தேசத்து இமாம் அவ்ஸாயீ, அபூபக்ரின் கட்டளையைப் பிடித்துக்கொண்டு வெட்டவே கூடாது என்றார். இமாம் அபூஹனீஃபா அந்த 59:5-ஐ வைத்து, எதிரியைப் பலவீனப்படுத்த வெட்டலாம் என்றார். அவருடைய மாணவர் அபூயூசுஃப், அவ்ஸாயீக்கு மறுப்பு என்று ஒரு நூலே எழுதினார். கிருஷ்ணகிரியில் நாங்கள் பெரும்பாலும் ஹனஃபிகள், அதாவது அபூஹனீஃபாவின் சட்ட வழியை (மத்ஹப்) பின்பற்றுகிறவர்கள். ஆக, குத்தகைக்கார பாய் உங்கள் தோப்பில் நின்று சொன்னது எங்கள் மத்ஹப் இமாமின் கருத்து இல்லை, அவ்ஸாயீயின் கருத்து! அவருக்கே தெரிந்திருக்காது. எனக்கும் மனசு அவ்ஸாயீ பக்கம்தான் போகிறது, மறைப்பானேன்.

வக்கீல் சார் சொன்ன அதே வால் இங்கேயும் வந்து உட்கார்ந்துகொண்டதைப் பாருங்கள். அபூஹனீஃபாவின் இன்னொரு மாணவர் ஷைபானி. கிபி 805-இல் இறந்தவர், நாடுகளுக்கு இடையிலான சட்டத்தைப் பற்றித் தனி நூலே எழுதியவர். தூதர் பாதுகாப்பு, அமான் என்கிற அடைக்கலம், ஒப்பந்தம், கைதி எல்லாம் அதில் உண்டு. ஐரோப்பாவில் சர்வதேசச் சட்டத்தின் தந்தை என்று சொல்லப்படுகிற க்ரோஷியஸ் எழுதுவதற்கு 800 வருடம் முன்னால். பெருமைதான். ஆனால் அவரும் மரம் விஷயத்தில் ஆசிரியர் வழிதான்.

பனூ குறைழா: ஒப்பந்தத்தை மீறினார்கள் என்று, அவர்களோடு முன்பு உறவு வைத்திருந்த கோத்திரத்தின் தலைவரையே நடுவராக வைத்துத் தீர்ப்பு வந்தது, ஆண்கள் கொல்லப்பட்டார்கள். அந்தக் காலத்து வழக்கம் என்று விளக்கம் சொல்கிறார்கள், நானும் மேடையில் சொல்லியிருக்கிறேன். இன்றைக்கு ஒருவன் அதை முன்மாதிரியாக எடுத்துக்கொண்டு துப்பாக்கியைத் தூக்கினால் அவனை எதிர்த்து முதலில் பேச வேண்டியது நாங்கள்தான். அடிமை முறையும் அப்படித்தான். கைதியைச் சும்மா விடு அல்லது ஈடு வாங்கிக்கொண்டு விடு, இந்த இரண்டைத்தான் 47:4 சொல்கிறது. ஆனாலும் சட்ட நூல்களில் அடிமையாக்குவதும் ஒரு வழியாக இருந்தது, இல்லை என்று சாதிக்க மாட்டேன். 2014-இல் ஐஎஸ் பயங்கரவாதக் கூட்டம் ஈராக்கில் யஸீதி என்ற சிறுபான்மைச் சமயத்துப் பெண்களை விற்றபோது, உலகம் முழுக்க 120-க்கும் மேற்பட்ட ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) சேர்ந்து அதன் தலைவன் பக்தாதிக்குத் திறந்த கடிதம் எழுதினார்கள்: அடிமை முறையைத் திரும்பக் கொண்டுவருவது ஹராம், தூதரையும் பத்திரிகையாளரையும் கொல்வது ஹராம் என்று.

சிலுவைப் போர்க் காலத்து சுல்தான் சலாஹுத்தீன் கதையையும் நானே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் கேட்பீர்கள். 1187-இல் ஜெருசலத்தைப் பிடித்தபோது படுகொலை செய்யாமல், ஈட்டுத்தொகை கட்டிய ஜனங்களை வெளியே விட்டார். அதே வருடம், மூன்று மாதம் முன்னால், ஹத்தீன் போரில் பிடிபட்ட டெம்ப்ளர் என்ற சிலுவைப்படை வீரர்களை வரிசையாக வெட்டச் சொன்னவரும் அவர்தான்.

#9 பாலக்கோடு_டீச்சர்

அவருக்கும் ஒரு 9, ஒரு 15.

#10 ஹவில்தார்_வீடு

வணக்கம், தாத்தா சொல்லச் சொல்ல நான் டைப் செய்கிறேன். தாத்தாவுக்கு 76 வயது.

"1971 டிசம்பர் 16-இல் டாக்காவில் பாகிஸ்தான் படை சரண்டர். கிட்டத்தட்ட 93,000 பேர் நம் கையில். என்னை வடக்கே ஒரு முகாமுக்குக் காவலுக்குப் போட்டார்கள். முதல் நாள் ஆபீசர் சொன்னது இரண்டே விஷயம். பெயர், ரேங்க், நம்பர், பிறந்த தேதி தவிர எதையும் சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது. காலையும் சாயங்காலமும் எண்ண வேண்டும். எண்ணிக்கை இடித்தால் நமக்குச் சாப்பாடு கிடையாது, திரும்பத் திரும்ப எண்ணுவோம். ஒரு ஆள் குறைந்தால் அவன் ஓடிப்போனானா, செத்தானா, நாம் எதாவது செய்துவிட்டோமா என்று மேலே பதில் சொல்ல வேண்டும். வீட்டுக்குக் கார்டு எழுதுவார்கள், செஞ்சிலுவைக்காரர் மூலம் போகும். பீடி சிகரெட் பிடிக்க விட வேண்டும் என்பதுகூட ரூலில் இருக்கிறதாம், ஆச்சரியமாக இருந்தது. 1972 நோன்பு மாதத்தில் விடிகாலை 3 மணிக்கு லங்கரில் (முகாம் சமையல்கூடத்தில்) அடுப்பு மூட்டினோம். எங்கள் சமையல்காரன் முணுமுணுத்துக்கொண்டே சப்பாத்தி தட்டுவான். ஒரு கிழட்டு சுபேதார், பாகிஸ்தான்காரர், கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, மகன் மாதிரி இருக்கிறாய், நீயும் சாப்பிடு என்றார். நான் சாப்பிடவில்லை, ரூல் கிடையாது. இப்போது நினைத்தால் ஒரு வாய் சாப்பிட்டிருக்கலாம்."

தாத்தா தூங்கப் போய்விட்டார்.

#11 ஓசூர்_பி_ஷிஃப்ட்

தாத்தாவுக்கு ஒரு சல்யூட். ஆனாலும் ஒன்று: சண்டை ஓய்ந்ததும் தாமதம் இல்லாமல் கைதிகளை விட வேண்டும் என்று போர்க்கைதிகளுக்கான அந்த மூன்றாம் ஜெனீவா உடன்படிக்கையில் இருக்கிறது. நாம் 1974 ஏப்ரல் வரை வைத்திருந்தோம். பேரம் பேசத்தானே?

#12 ஊத்தங்கரை_வக்கீல்

ஆமாம். மறுக்க முடியாது. மேற்கில் சண்டை திரும்ப மூளலாம், வங்கதேசம் சிலரை விசாரிக்க வேண்டும் என்கிறது என்றெல்லாம் காரணம் சொன்னோம். திரும்பவும் அந்த "தேவை"தான்.

#13 முகாம்_பிள்ளை

படித்துக்கொண்டு மட்டும் போகலாம் என்றிருந்தேன். நான் இங்கே நம் மாவட்டத்து இலங்கை அகதி முகாமில் பிறந்தவள், அம்மா வழிச் சொந்தம் வன்னியில். 2009-இல் இலங்கை அரசே பாதுகாப்பு வலயம் என்று அறிவித்து சனங்களை அதற்குள் வரச் சொன்னது, அதற்குள்ளேயே ஷெல் விழுந்தது, புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரி மீதும் விழுந்தது. தப்பி வெளியே போக நினைத்தவர்களைப் புலிகள் சுட்டதும் நடந்தது. இரண்டையும் 2011-இல் ஐநா நிபுணர் குழு நம்பத்தகுந்த குற்றச்சாட்டு என்று எழுதியிருக்கிறது. நூர் அண்ணாவுக்கு முன்னால் நான் சொல்லிவிட வேண்டும், 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களைச் சுட்டுக் கொன்றதும் எங்கள் பேரைச் சொல்லித்தான். எங்கள் வீட்டில் இதை யாரும் பேசமாட்டார்கள்.

ஹவில்தார் தாத்தா இரண்டு வேளை எண்ணினேன் என்று சொன்ன இடத்தில் எனக்கு மேலே படிக்க முடியவில்லை. எங்கள் சித்தப்பாவை யாருமே எண்ணவில்லை. செத்தவர் கணக்கிலும் இல்லை, இருப்பவர் கணக்கிலும் இல்லை. சித்தி இன்னும் பொட்டு வைத்துக்கொண்டுதான் இருக்கிறா.

#14 பழையபேட்டை_நூர்

அம்மா, என்ன சொல்வது என்று தெரியவில்லை. காத்தான்குடியை நீங்களே சொன்னது பெரிய மனசு.

காத்தான்குடி நடந்தது ஆகஸ்ட் 3. அதே வாரம், 1990 ஆகஸ்ட் 5-இல் கெய்ரோவில் இஸ்லாமிய நாடுகள் கூடி மனித உரிமைப் பிரகடனம் போட்டார்கள். போரில் முதியவர், பெண், குழந்தையைக் கொல்லக் கூடாது, கைதிக்குச் சோறும் துணியும் இடமும் கொடு, மரத்தை வெட்டாதே, பயிரை அழிக்காதே என்று அபூபக்ரின் பேச்சு அப்படியே மூன்றாம் பிரிவில் வருகிறது. அதற்கு மூன்று நாள் முன்னால்தான் அதே அமைப்பில் இருக்கிற ஈராக், அதே அமைப்பில் இருக்கிற குவைத்துக்குள் புகுந்தது. திரும்பிப் போகும்போது 600-க்கும் மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகளைக் கொளுத்திவிட்டுப் போனார்கள்.

மொஹரத்துக்குப் பேட்டையில் நாங்கள் தண்ணீர்ப் பந்தல் வைத்து ஷர்பத் ஊற்றுகிறோமே, எதற்கு? கர்பலாவில் நபியின் பேரன் இமாம் ஹுசைன் கூடாரத்துக்கு யூப்ரடீஸ் தண்ணீரை மறித்தார்கள், குழந்தைகள் உட்பட. மறித்தவர்களும் ஐந்து வேளை தொழுதவர்கள்தான். வருடா வருடம் வாளிவாளியாக ரோஸ் கலர் ஷர்பத் கலக்கும்போது எனக்கு இதுதான் ஓடும்.

#15 ஊத்தங்கரை_வக்கீல்

முகாம்_பிள்ளை, காணாமல் போனவர் எங்கே என்று தெரிந்துகொள்ளக் குடும்பத்துக்கு உரிமை உண்டு, அது 1977 நெறிமுறையில் எழுத்திலேயே இருக்கிறது. இலங்கை அதில் சேரவில்லை, முன்பே சொன்னேன். 1949-இன் நான்கு உடன்படிக்கைகளுக்கும் பொதுவான, உள்நாட்டுப் போருக்கும் பொருந்துகிற மூன்றாம் பிரிவு இலங்கையைக் கட்டும்: ஆயுதத்தைக் கீழே போட்டவனை, காயம்பட்டவனைத் தொடாதே, பிணை பிடிக்காதே. கட்டும் என்பது சட்டம் படித்தவன் பேசுகிற பேச்சு என்று எனக்கும் தெரியும்.

சட்டம் எப்போதாவது கடித்திருக்கிறதா என்றால், ஒன்று சொல்கிறேன். மாலி நாட்டில் திம்புக்டு நகரத்தில் சூஃபி மகான்களின் தர்காக்களை 2012-இல் ஒரு கூட்டம் கடப்பாரையால் இடித்தது. இடித்ததும் இஸ்லாம் பேரைச் சொல்லித்தான், இடிபட்டதும் முஸ்லிம்களின் தர்கா. நம் சையத் பாஷா மலைமேல் ஏறி அப்படி ஒருவன் செய்தால் எப்படி இருக்கும்? முன்நின்று நடத்திய அல் மஹ்தி என்பவருக்கு ஹேக்கில் உள்ள சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் 2016-இல் 9 வருடத் தண்டனை கொடுத்தது. தான் செய்தது தவறு என்று ஒப்புக்கொண்டு, இதைப் போல் செய்யாதீர்கள் என்று முஸ்லிம்களைக் கேட்டுக்கொண்டார். அதே நீதிமன்றம் 2024 நவம்பரில் இஸ்ரேல் பிரதமர் மீதும் ஹமாஸ் தளபதி ஒருவர் மீதும் ஒரே நாளில் வாரண்ட் போட்டது. தர்காவை இடித்தவனைப் பிடிக்க முடிந்தது, பிரதமரைப் பிடிக்க ஆளில்லை. உத்தரவை நிறைவேற்ற அமீனா இல்லாத கோர்ட்டு.

#16 தகடூரான்

ஆக இரண்டும் ஒன்றுதானா, வேறா? ஒரு வரியில் சொல்லுங்கள் சார், டீக்கடையில் சொல்ல வேண்டும்.

#17 காவேரிப்பட்டணம்_மாந்தோப்பு

ஒரு வரியில் வராது தம்பி, முழுசாகப் படி. எனக்குப் புரிந்தது இதுதான். ஒன்றில் மேலே இருப்பவனுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று பயம், இன்னொன்றில் கையெழுத்துப் போட்டாயே என்ற கேள்வி. இரண்டிலும் மரத்தை வெட்டாதே என்று எழுதிவிட்டுப் பக்கத்திலேயே தேவை என்று ஒரு சந்து விட்டிருக்கிறார்கள். எங்கள் பங்காளியும் பஞ்சாயத்தில் அதைத்தான் சொன்னான்: "உன் மரத்து நிழல் என் கொல்லையில் விழுது, அறுக்க வேண்டிய தேவை வந்துச்சு." ராத்திரி 2 மணிக்கு நிழல் எங்கே விழுந்தது என்று பெரியப்பா கேட்டார். பஞ்சாயத்தில் எல்லாரும் சிரித்துவிட்டார்கள், அவனும்கூட. அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை.

நூர் தம்பி, குத்தகைக்கார பாயிடம் அபூஹனீஃபா, அவ்ஸாயீ கதையைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அபூஹனீஃபா இமாமுக்கு மாந்தோப்பு இருந்திருக்காது" என்றார்.

வக்கீல் சார், உங்களிடம் தனியாக ஒன்று கேட்க வேண்டும், பரவாயில்லை, இங்கேயே கேட்கிறேன். இடத்தைப் பார்த்துவிட்டுப் போன அதிகாரி அறிக்கை கொடுத்துவிட்டார். "சில மரங்கள் சேதம்" என்று மட்டும் எழுதியிருக்கிறார். இது போதுமா?

#18 ஊத்தங்கரை_வக்கீல்

போதாது. அறுத்த கட்டைகளை யாரும் தோண்டி எடுப்பதற்கு முன்னால் ஒவ்வொன்றுக்கும் சுண்ணாம்பில் 1, 2, 3 என்று நம்பர் போடுங்கள். சுற்றளவை டேப்பில் அளந்து, நம்பர் தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள். 18 என்று எழுதித் தரும்வரை அந்த அறிக்கையில் கையெழுத்துப் போடாதீர்கள்.

#19 காவேரிப்பட்டணம்_மாந்தோப்பு

சரி சார். சுண்ணாம்பு வாங்கியாகிவிட்டது. காலையில் பெரியப்பாவைக் கூட்டிக்கொண்டு போகிறேன், எது எந்த மரம் என்று அவருக்குத்தான் தெரியும்.